பகடியும் வதையும்

 

தோட்டத்திலே பட்டப்பெயர் இல்லாதவர் மிகச் சிலரே. 'நெட்டையன்' என்றும் 'கட்டையன்' என்றும் அழைத்துக்கொண்டே உயிர் நண்பர்களாய் வாழ்வோர் நம்மிடையே பலர் உளர். அங்ஙனமாயின், வகுப்பில் ஒருவனைப் பட்டப்பெயர் சொல்லி அழைப்பதில் என்ன குற்றம் என மாணவர் சிலர் வினவுவர். நியாயமான வினாவே. அதற்கு விடை காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பகடிவதை என்பது யாது?

பகடி என்பது வேடிக்கைப் பேச்சு. வதை என்பது துன்புறுத்தல். 1970களில் சுவீடன் நாட்டுப் பள்ளிகளில் பகடிவதையை முறையாக ஆராய்ந்த உளவியல் அறிஞர் டான் ஒல்வியஸ், அதற்கு மூன்று அடையாளங்களைக் கூறினார். துன்புறுத்தும் நோக்கத்தோடு செய்யப்படுதல், மீண்டும் மீண்டும் நிகழ்தல், துன்புறுபவன் தன்னைக் காத்துக்கொள்ள இயலாத நிலையில் இருத்தல் என்பன அவை.

சம வலிமையுள்ள இருவர் பந்துக்காக ஒருநாள் சண்டையிட்டு, மறுநாள் கூடி விளையாடுவது பகடிவதை ஆகாது. ஆறாம் ஆண்டு மாணவர் மூவர், இரண்டாம் ஆண்டுச் சிறுவனின் சிற்றுண்டிக் காசை நாள்தோறும் பறிப்பது பகடிவதையே. அடிப்பது மட்டுமன்று, நிறத்தை இகழ்தல், தாயின் தொழிலை இழித்துரைத்தல், 'அவளோடு சேராதே' எனத் தோழியரைத் தடுத்தல், ஒருவர் படத்தைக் கேலி செய்து கைப்பேசியில் பரப்புதல் ஆகிய யாவும் அதில் அடங்கும்.

பட்டப்பெயருக்கு எளிய சோதனை ஒன்றுண்டு. அழைக்கப்படுபவனும் மனமாரச் சிரிக்கிறானா? 'வேண்டாம்' என்று அவன் சொன்னவுடன் அப்பெயர் நிற்கிறதா? நின்றால் அது பகடி. நில்லாவிடின் அது வதை. அழுகையை மறைப்பதற்காகவும் சிலர் சிரிப்பர். ஆதலின் இரண்டாம் வினாவே உறுதியானது.

சுற்றி நிற்போர்

வதைப்பவனுக்குக் கூட்டம் வேண்டும். கூட்டத்தின் சிரிப்பே அவனுக்குக் கிடைக்கும் பரிசு. கனடாவின் டொரண்டோ நகரத் தொடக்கப் பள்ளிகளில் மாணவர் விளையாடுவதைப் படம்பிடித்து ஆராய்ந்த அறிஞர்கள், 2001ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். பகடிவதை நிகழ்ந்த வேளைகளில் 100க்கு 88இல் பிற மாணவர் அருகில் இருந்தனர். தடுக்க முன்வந்ததோ 100க்கு 19இல் மட்டுமே. ஆயினும் அவ்வாறு தடுத்தபோது, பாதிக்கு மேற்பட்ட முறை 10 விநாடிக்குள் வதை நின்றுவிட்டது!

மாணவர்களே, தடுப்பதற்கு முட்டி மடக்க வேண்டியதில்லை. சிரியாதீர்கள். துன்புறுபவன் அருகில் சென்று, 'வா, விளையாடப் போவோம்' என அழைத்துச் செல்லுங்கள். அச்சமாக இருப்பின், ஓடிவந்து ஆசிரியரிடம் கூறுங்கள். 'கோள் சொல்கிறான்' என்பார்களோ எனத் தயங்க வேண்டா. ஒருவனை மாட்டிவிடச் சொல்வது கோள். ஒருவனை மீட்கச் சொல்வது முறையீடு.

பெற்றோர் கவனத்திற்கு

விடியுமுன் பிரட்டுக்குப் புறப்படும் உங்களுக்குப் பிள்ளையின் காலை முகத்தைக் காணும் வாய்ப்புக் குறைவு. ஆதலின் மாலையில் உற்று நோக்குங்கள். பள்ளி நாள்களில் மட்டும் வயிற்றுவலி, கிழிந்த சட்டை, காணாமற்போகும் காசு, வழக்கமான பாதையை விட்டுச் சுற்றி வருதல் ஆகியவை கவனிக்கத்தக்க அறிகுறிகள்.

'திருப்பி அடி' என்று சொல்லி அனுப்பாதீர்கள். வலிமை குன்றியதாலன்றோ அவன் வதைபடுகிறான்! அடுத்த லயத்து வாசலில் நின்று சண்டையிடவும் வேண்டா. பெரியோர் பகை, பிள்ளைகளின் பகையை வளர்க்கும். வகுப்பாசிரியரிடமோ தலைமையாசிரியரிடமோ வந்து, நாள், இடம், நிகழ்ந்தது ஆகியவற்றைக் கூறுங்கள்.

உங்கள் பிள்ளையே வதைப்பவன் என அறிந்தால், 'என் மகன் சூரன்' எனப் பெருமை கொள்ளற்க. அடித்துத் திருத்தவும் முயலற்க. வலியவன் எளியவனை அடிக்கலாம் என்னும் பாடத்தையே அது மீண்டும் புகட்டும். பறித்த காசைத் திருப்பிக் கொடுக்கச் செய்யுங்கள். வருத்தம் தெரிவிக்கச் செய்யுங்கள். அவன் மனத்தில் உள்ள குறை யாதென அன்போடு கேளுங்கள்.

நம் மலேசியத் திருநாட்டில் 2025ஆம் ஆண்டில் தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டு, பகடிவதைச் செயல்கள் குற்றங்களாகச் சேர்க்கப்பட்டன. ஆயினும் சட்டம் வரும்வரை காத்திராமல், சிறுவயதிலேயே திருத்துவது நம் கடமை.

வள்ளுவப் பெருந்தகை 'இன்னா செய்யாமை' என ஓர் அதிகாரமே வகுத்துப் பத்துக் குறட்பாக்களை அருளினார். அவற்றை மேடையில் பிழையின்றி ஒப்புவிக்கும் நாம், ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச் சாலையிலும் நினைவிற்கொள்வோமாக.

வீட்டில் கலந்துரையாட:

1. சண்டைக்கும் பகடிவதைக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. கோளுக்கும் முறையீட்டுக்கும் ஓர் எடுத்துக்காட்டுத் தருக.
3. உன் வகுப்பில் தனித்து உண்பவர் யார்? நாளை நீ அவர் அருகில் அமர்வாயா?