தொடர்பாடல் தடைகளும் பின்னூட்டலும்: ஒரு விமான விபத்து தரும் பாடம்

(க.பொ.த. சாதாரண தரம் – தொடர்பாடலும் ஊடகக் கற்கையும்)

தொடர்பாடல் செயன்முறையில் அனுப்புநர், செய்தி, ஊடகம், பெறுநர், பின்னூட்டல் ஆகிய கூறுகள் உள்ளன என்பதை மாணவர்கள் அறிவீர்கள். இவற்றைப் பெயர் குறிப்பிடுவதுடன் பலர் விடையை முடித்துவிடுகின்றனர். உதாரணத்துடன் விளக்கும்போதே விடை முழுமை பெறும். அதற்குப் பொருத்தமான உண்மைச் சம்பவம் ஒன்றைக் கீழே நோக்குவோம்.

சம்பவம்

1989 பெப்ரவரி 19ஆம் திகதி அதிகாலை, அமெரிக்காவின் பிளையிங் டைகர் நிறுவனத்துக்குரிய போயிங் 747 சரக்கு விமானம் ஒன்று சிங்கப்பூரிலிருந்து மலேசியாவின் கோலாலம்பூருக்குப் பறந்தது. அதில் நால்வர் இருந்தனர். விமானம் சுபாங் விமான நிலையத்தை நெருங்கியதும், 2400 அடி உயரத்துக்கு இறங்குமாறு கட்டுப்பாட்டாளர் வானொலி மூலம் அறிவித்தார். அந்த எண்ணை அவர் "டூ ஃபோர் ஸீரோ ஸீரோ" என்று ஒவ்வோர் இலக்கமாக ஆங்கிலத்தில் கூறினார்.

ஆங்கிலத்தில் 'டூ' என்ற ஒலி '2' என்ற எண்ணையும் குறிக்கும். 'இந்த அளவுக்கு' என்ற பொருளையும் தரும். விமானி இரண்டாவது பொருளைக் கொண்டார். "ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ" என்று மறுமொழி கூறினார். அதாவது, 400 அடிக்கு இறங்குவதாகத் தெரிவித்தார். கட்டுப்பாட்டாளர் இதைத் திருத்தவில்லை. தரை நெருங்குவதாக விமானத்தின் எச்சரிக்கைக் கருவி ஒலித்தது, அதுவும் கவனிக்கப்படவில்லை. பாதையில் இருந்த குன்றின் சரிவில் விமானம் மோதியது. நால்வரும் உயிரிழந்தனர்.

பகுப்பாய்வு

1. அனுப்புநர்: கட்டுப்பாட்டாளர். 'அடி' என்ற அலகைச் சேர்க்காமலும், ஆயிரம், நூறு எனப் பிரிக்காமலும் எண்ணைக் கூறினார்.
2. செய்தி: இரு பொருள்பட அமைந்தது. இது சொற்பொருள் சார்ந்த தடையாகும்.
3. ஊடகம்: வானொலி. முகபாவனை, சைகை ஆகியவற்றால் பொருளை உறுதிசெய்ய வழியில்லை.
4. பெறுநர்: விமானி. 400 அடி என்பது மிகக் குறைந்த உயரம் என்று ஐயம் கொள்ளவில்லை, மீளக் கேட்கவுமில்லை.
5. பின்னூட்டல்: வழங்கப்பட்டது. ஆனால் அனுப்புநர் அதைச் சரிபார்க்கவில்லை.

ஐந்தாவது கூறே இங்கு மிக முக்கியமானது. விமானியின் மறுமொழியில் பிழை வெளிப்படையாகவே இருந்தது. அதைச் செவிமடுத்துத் திருத்தியிருந்தால் 2000 அடி வித்தியாசம் அப்போதே நீங்கியிருக்கும். எனவே, பதில் கிடைத்துவிட்டது என்பதால் மட்டும் தொடர்பாடல் வெற்றி பெறுவதில்லை. கூறியதும் விளங்கிக்கொண்டதும் ஒன்றுதானா என அனுப்புநர் பரிசோதிக்க வேண்டும்.

கவனிக்குக: இவ்விபத்துக்கு "மொழி தெரியாமை" காரணம் என எழுதுவது தவறு. இரு தரப்பினரும் ஆங்கிலத்திலேயே பேசினர். மொழி தெரிந்தவர்களிடையேயும் தெளிவற்ற சொல்லால் தடை ஏற்படும் என்பதே சரியான விளக்கம்.

மாதிரி வினா

தொடர்பாடலில் பின்னூட்டலின் முக்கியத்துவத்தை உதாரணத்துடன் விளக்குக.

விடைக்கான குறிப்புகள்

• பெறுநர் செய்தியை எவ்வாறு விளங்கிக்கொண்டார் என்பதை அனுப்புநருக்கு உணர்த்துகிறது.
• பிழையைத் திருத்தும் வாய்ப்பை வழங்குகிறது.
• உதாரணம்: வான்போக்குவரத்தில் விமானி அறிவுறுத்தலைத் திருப்பிக் கூறுதலும், கட்டுப்பாட்டாளர் அதைச் செவிமடுத்துச் சரிபார்த்தலும் கட்டாயமானவை. 1989 விபத்தில் இரண்டாவது படி தவறியது.

பயிற்சி: மருந்தகத்தில் மருந்தின் அளவை வாய்மொழியாகக் கூறும்போது ஏற்படக்கூடிய தடைகள் மூன்றையும், அவற்றைத் தவிர்க்கும் வழிகளையும் எழுதுக. மேலே தரப்பட்ட ஐந்து கூறுகளையும் வரிசையாகப் பொருத்திப் பார்த்தால் விடை எளிதாக அமையும்.