உரிமத்தை ரத்து செய்தால் மட்டும் போதாது

அலுவலகக் கணினிகளிலிருந்து கட்டண மென்பொருளைத் தொலைவிலிருந்தே நீக்குபவர்கள், உரிமத்தை மீட்பதும் நிரலை அகற்றுவதும் இரு வேறு வேலைகள் என்பதை மறக்கக் கூடாது. மைக்ரோசாஃப்ட் 365-இல் உரிமம் ஊழியரின் கணக்கோடு இணைந்தது. கணினியிலிருந்து நிரலை நீக்கினாலும் அந்த உரிமம் அவர் பெயரிலேயே இருக்கும், சந்தாவும் ஓடும். ஆரக்கிளின் வழக்கமான ஒப்பந்தங்களிலோ, யாரும் திறக்காவிட்டாலும் நிறுவப்பட்டிருந்தாலே கணக்கில் சேரும். ஆகவே முதலில் படிக்க வேண்டியது ஒப்பந்தத்தை.

“கணினிகளைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்டின் இன்ட்யூனில் நீக்கச் சொல்லியாயிற்றே, பிறகென்ன?” என்று கேட்கலாம். ஒரே கணினிக்குக் கட்டாய நிறுவலும் நீக்கமும் சேர்ந்து வந்தால் கட்டாய நிறுவலே வெல்லும். அதனால் கட்டாய நிறுவலுக்கான பழைய குழுவிலிருந்து கணினியை விடுவித்த பிறகே நீக்கக் கட்டளை கொடுங்கள். இணையத்தில் இல்லாத கணினிக்கு எந்தக் கட்டளையும் எட்டாது. நீண்ட விடுப்பில் இருப்பவரின் மடிக்கணினிதான் பெரும்பாலும் விடுபடும். வேலை நடுவே நிரல் மறைந்தால் ஊழியர் திண்டாடுவார் என்ற கவலை நியாயமானது. அதற்காக நீக்கத்தையே தள்ளிப்போட வேண்டியதில்லை. இரண்டு நாள் முன்னதாகச் சொல்லி, கோப்புகளை வேறு வடிவில் சேமிக்க அவகாசம் கொடுங்கள். பிறகு நிறுவல் பட்டியலை மறுபடி எடுத்து, எஞ்சிய கணினிகளைத் தனியே கவனியுங்கள்.