மாத்திரையை நிறுத்தாதே, மலர்



போனில் பேசினால் உன் மாமியார் காதில் விழும் என்பதால் எழுதி, உன் அம்மாவிடமே கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடு.

"பிள்ளை நல்லபடியா பொறந்துடும் சித்தி, பத்து வயசுல என்ன ஆகும்?" என்று கேட்டாய். நான் எச்.ஐ.வி. நம்பிக்கை மையத்தில் இருந்த 17 வருஷத்தில் இதைக் கேட்காத கர்ப்பிணிகள் குறைவு.

இந்த மாத்திரையால் பிள்ளையின் முதுகுத்தண்டு பாதிக்கும் என்று நீ படித்தது பொய்யில்லை, பழசு. போட்ஸ்வானாவில், உன் மாத்திரையில் உள்ள எச்.ஐ.வி. மருந்தான டோலுடெக்ராவிர் சாப்பிட்டுக்கொண்டே கருத்தரித்த 426 பேரில் 4 பேரின் குழந்தைகளுக்குத் தண்டுவடக் குறை இருந்ததாக 2018-இல் சொன்னார்கள். எல்லோரும் பதறினார்கள். ஆனால் அங்கே எண்ணுவதை நிறுத்தவில்லை. பிரசவங்கள் ஆயிரக்கணக்கில் சேரச் சேர, அந்த அளவு இறங்கி ஆயிரத்துக்கு ஒன்று போல ஆனது. மற்ற எச்.ஐ.வி. மருந்துகளிலும் அவ்வளவுதான். தவிர, தண்டுவடம் மூடிக்கொள்வது கரு உண்டான முதல் 4 வாரத்தில். உனக்கு ஆறாம் மாதம். ஸ்கேனில் முதுகு நன்றாக இருக்கிறது என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

பத்து வயசுக்கு வருகிறேன். 1994-இல் வெளியான ஆய்வில், கர்ப்பிணிகளுக்கு ஜிடோவுடின் என்ற எச்.ஐ.வி. மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது, தொற்றோடு பிறந்த குழந்தைகள் நூற்றுக்கு 25-இலிருந்து 8 ஆகக் குறைந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது முப்பது தாண்டிவிட்டது. 1999-இல் பிரான்சில் 8 குழந்தைகளுக்கு, செல்லுக்குச் சக்தி தரும் பகுதி பழுதானதைக் கண்டார்கள். 2 பேர் இறந்தார்கள். உன்னிடம் இதை மறைக்க மாட்டேன். எட்டுப் பேருக்குமே ஜிடோவுடின் போயிருந்தது. உன் மாத்திரையில் அது இல்லை. டோலுடெக்ராவிர் 2013-இல்தான் விற்பனைக்கே வந்தது. அதைச் சாப்பிட்ட தாய்மாரின் பிள்ளைகள் இன்னும் பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறார்கள். ஆய்வாளர்கள் அவர்களைக் கவனித்துக்கொண்டே வருகிறார்கள்.

மாத்திரையை விட்டால் என்ன ஆகும் என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை. பால் கொடுக்கும் காலத்தையும் சேர்த்தால் நூற்றுக்கு 15 முதல் 45 குழந்தைகளுக்குத் தொற்றும். ஒழுங்காகச் சாப்பிட்டால் 5-க்கும் கீழே.

ஒன்று கேள். செவிலியரம்மா தரும் இரும்பு, கால்சியம் மாத்திரைகளை இதோடு சேர்த்து விழுங்கிவிடாதே, மருந்து உடம்பில் சரியாகச் சேராது. இதை முதலில் போட்டு 2 மணி நேரம் கழித்து அவற்றைப் போடு. அவை முன்னால் போய்விட்டால் 6 மணி நேரம் பொறு.

குழந்தை பிறந்ததும் நெவிரபின் சிரப் கொடுப்பார்கள். 6 வாரத்தில் முதல் ரத்தப் பரிசோதனை, 18 மாதத்தில் கடைசி. முதல் பரிசோதனைக்கு நான் கூட வருகிறேன். தேதியை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடு.

உன்
சித்தி