கட்டணமில்லாக் கல்வியும் அதன் விலையும்

கல்வியின் மாண்பினைப் புகழாத நீதிநூல் தமிழில் இல்லை எனலாம். வள்ளுவனார் கல்விக்கென ஓர் அதிகாரம் வகுத்து, அதனையடுத்துக் கல்லாமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தருளினார். அந்நூல்களைப் பயிலும் நாம் கல்லாதாரைக் கண்டு இரங்குகின்றோம். சிற்சில வேளைகளில் இகழவும் செய்கின்றோம். ஆனால், கற்க விரும்பியும் கற்க இயலாதார் நிலை யாது? அவர்தம் கல்லாமைக்கு அவரே பொறுப்பாவரோ? அன்றி, அவர் பிறந்த குடும்பத்தின் வறுமையும், அவரைச் சூழ்ந்த சமூகத்தின் மனப்பான்மையும் பொறுப்பாமோ? இவ்வினாவினை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பள்ளியிற் கட்டணம் இல்லையெனின் கல்வி இலவசமாயிற்று என்று நம்மிற் பலர் கருதுகின்றனர். உண்மை அதுவன்று. கட்டணம் என்பது கல்வியின் விலையில் ஒரு சிறு கூறே. பசித்த வயிற்றோடு பாடங் கேட்டல் ஒரு விலை. பிள்ளை ஈட்டக்கூடிய கூலியைப் பெற்றோர் இழத்தல் ஒரு விலை. நெடுவழி நடத்தல் ஒரு விலை. பிறர் இகழ்ச்சியைப் பொறுத்தல் மற்றொரு விலை. இவற்றைக் கொடுக்கமாட்டாத குடும்பத்திற்குக் கட்டணமில்லாப் பள்ளியும் எட்டாக் கனியே. இவ்விலைகளை யார் ஏற்பது என்னும் வினாவே கல்வித்துறையின் முதல் வினா என்பது என் கருத்து. இதனை நம் மாகாண வரலாறு கொண்டே காண்போம்.

சென்னைக் கவர்னராயிருந்த சர் தாமஸ் மன்றோ, 1822-ஆம் ஆண்டில் தம் ஆட்சிக்குட்பட்ட ஜில்லாக்களிலுள்ள பள்ளிகளைக் கணக்கெடுக்குமாறு பணித்தார். 1826-ல் அக்கணக்குத் தொகுக்கப்பட்டது. 1,28,50,941 மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகளும், அவற்றிற் பயிலும் 1,88,650 மாணாக்கரும் இருந்தனர் என அது கூறிற்று. ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி இருந்தது பெருமைக்குரியதே. ஆயினும் அம்மாணாக்கருள் பெண்கள் 4,540 பேர் மட்டுமே என்பதனையும் உடன் நோக்குதல் வேண்டும்.

அக்கணக்கோடு வந்த அறிக்கைகளுள், அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த பெல்லாரி ஜில்லாவின் கலெக்டர் காம்பெல் என்பார் 1823-ல் எழுதியது நம் கருத்தைக் கவர்வது. தம் ஜில்லாவில் பள்ளிகள் குன்றியமைக்குக் காரணம் மக்கள் படிப்படியாக வறியராயினமையே என அவர் எழுதினார். நடுத்தரத்தாரும் கீழ்நிலையிலுள்ளாரும் பிள்ளைகளின் கல்விச் செலவைத் தாங்கமாட்டாராயினர் என்றும், பிள்ளைகளின் இளங்கைகள் சிறு வேலைக்கேனும் பயன்படும் பருவம் வந்தவுடன் அவர்தம் உழைப்பும் குடும்பத்திற்குத் தேவையாயிற்று என்றும் அவர் விளக்கினார். செலவைத் தாங்கமாட்டாமை, பிள்ளையின் உழைப்பை விடமாட்டாமை ஆகிய இவ்விரண்டும் ஏழைக் குடும்பத்தின் இருபுறத் தளைகள். முன்னதை மட்டும் அறுத்தால் பின்னது நிற்கும். இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் அதிகாரி கண்ட இவ்வுண்மையை நாம் இன்னும் முற்ற உணர்ந்தோமில்லை.

இனி, விலைகளுள் முதலாவதாகிய பசியை எடுத்துக்கொள்வோம். 1920-ஆம் ஆண்டில் சென்னை நகராட்சி மன்றம், ஆயிரம்விளக்குப் பகுதியிலிருந்த தன் பள்ளியொன்றில் பிள்ளைகளுக்கு நண்பகலில் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. அப்பொழுது மன்றத் தலைவராய் விளங்கியவர் சர் பிட்டி தியாகராயர். நகரத்தளவில் முளைத்த அச்சிறு முயற்சியை நாடளாவிய அறமாக்கிய பெருமை காமராசரைச் சாரும். அவர் முதலமைச்சராயிருந்த காலத்தில், 1956-ல், மதிய உணவுத் திட்டம் தொடங்கிற்று. கல்வித்துறைத் தலைவராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு அதற்குப் பெருந்துணை புரிந்தார். தொடக்கத்தில் பல ஊர்களில் மக்களே நெல்லும் காய்கறியும் பொருளும் தந்து பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோறிட்டனர். பின்னர் அரசும் செலவிற் பங்கேற்றது. 1982-ல் எம். ஜி. இராமச்சந்திரன் முதலமைச்சராயிருந்தபோது அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலைச் சிற்றுண்டி வழங்கும் திட்டம் மதுரையில் தொடங்கப்பெற்று, அடுத்த ஆண்டு மாநிலமெங்குமுள்ள அரசு தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவிற்று.

"பிள்ளைகள் படிப்பை நாடாது சோற்றை நாடி வருகின்றனரே" என்று குறை கூறுவார் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். அவர்க்கு ஒன்று கூறுவேன். வசதியுடையார் வீட்டுப் பிள்ளை உண்ட பின்னரே பள்ளிக்குப் புறப்படுகின்றது. அவ்வுணவை யாரும் கணக்கிடுவதில்லை. ஏழைப் பிள்ளையின் உணவு பலர் காணப் பள்ளியிற் பரிமாறப்படுவதால் மட்டும் அது இழுக்காகிவிடுமோ? சோற்றை நாடி வந்த பிள்ளையும் எழுத்தறிந்தே மீளுமாயின், அச்சோறு நூலுக்கும் பலகைக்கும் ஒப்பான கல்விக் கருவியேயன்றோ?

அடுத்தது கூலி. இதனை நன்கு விளக்குவது சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களைப் பற்றி எழுந்த வழக்கு. அபாயமான தொழில்களில் சிறுவர் உழைப்பைக் குறித்து இந்திய உச்சநீதிமன்றம் 1996-ஆம் ஆண்டு டிசம்பரில் தீர்ப்பு வழங்கிற்று. சட்டத்திற்கு மாறாக அத்தொழிலில் சிறுவரை அமர்த்திய முதலாளி, ஒவ்வொரு சிறுவர் பொருட்டும் 20,000 ரூபாய் செலுத்தவேண்டும். அரசு அக்குடும்பத்தில் வயதுவந்த ஒருவருக்கு வேலை தரவேண்டும். தர இயலாவிடின் தானும் 5,000 ரூபாய் சேர்த்து வைக்கவேண்டும். அத்தொகையின் வருவாய் பிள்ளை பள்ளியிற் பயிலுங்கால் குடும்பத்திற்குச் சேரவேண்டும் என்பது அதன் சாரம். தண்டம் எவ்வளவு என்பதனினும், அத்தீர்ப்பு ஏற்றுக்கொண்ட பொருளியல் உண்மையே நாம் கருதத்தக்கது. பிள்ளையின் கையிலிருந்து வேலையைப் பறித்தால் மட்டும் போதாது. அக்கை ஈட்டிய கூலிக்கு ஈடு செய்தாலன்றிக் குடும்பம் அப்பிள்ளையைப் பள்ளியில் நிலைநிறுத்தாது.

2009-ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகட்குக் கட்டணமில்லாக் கட்டாயக் கல்வியை உரிமையாக்கி, 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் செங்கற் சூளைகளை எண்ணிப் பாருங்கள். தை மாசி முதல் மழை தொடங்குமளவும் நடைபெறும் அத்தொழிலுக்கு, முன்பணம் வாங்கிய குடும்பங்கள் ஊரைப் பூட்டிக்கொண்டு பெயர்கின்றன. பெற்றோர் இருவரும் களத்தில் நிற்க, மூத்த பிள்ளை இளைய பிள்ளையைப் பேணுகின்றது. சிறிது வளர்ந்தபின் காய்ந்த கல்லைத் திருப்பி வைக்கின்றது. ஆண்டுப் பரீட்சை வரும் காலமும் சூளை எரியும் காலமும் ஒன்றே. ஊர்ப்பள்ளியின் ஆசிரியர் எத்துணை நல்லவராயினும், வராத பிள்ளைக்கு எவ்வாறு கற்பிப்பார்? கல்வியுரிமைக்கு அங்கே பகையாய் நிற்பது கட்டணமன்று, முன்பணமென்னும் கடனே.

பொருளியலை விட்டுச் சமூகத்தை நோக்குவோம். இரண்டும் வேறு வேறாய்த் தோன்றினும் உண்மையிற் பின்னிப் பிணைந்தவை. செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த திரமென்கீர், அந்த ஜில்லாவிலே தாழ்த்தப்பட்டோர் நிலையைக் குறித்து 1891-ல் ஓர் அறிக்கை எழுதினார். நிலமின்மையும், கடன்பட்டு அடிமைபோல் உழைத்தலும், இழிவாக நடத்தப்படுதலும் ஒன்றையொன்று எவ்வாறு தாங்கி நிற்கின்றன என்பதை அதில் எடுத்துக்காட்டினார். அதன்பயனாக 1892-ல் அம்மக்களுக்கு நிலம் வழங்க அரசாணை பிறந்தது. பள்ளியைப் பற்றிப் பேசுங்கால் நிலத்தைப் பற்றியும் பேசவேண்டிய நிலைமை நம் நாட்டினது. அந்நாளில் அவர்தம் பிள்ளைகட்குக் கதவைத் திறந்த பள்ளிகளுள் மிஷன் பள்ளிகள் பல உண்டு. எனினும் அவற்றுள்ளும் சாதி முறைப்படி வேற்றிருக்கை வேண்டுமென்னும் குரல் எழுந்ததை மறைத்தல் நேர்மையாகாது.

பெண்கல்வியின் வரலாறும் இத்தகையதே. புதுக்கோட்டை முத்துலட்சுமி அம்மையார், ஆடவர் பயின்ற மகாராசர் கல்லூரியிற் சேர விழைந்தபோது எதிர்ப்புத் தோன்றிற்று. மன்னர் இசைவு தந்தமையால் அவர் அங்கே கல்வி பயின்றார். 1912-ல் மருத்துவப் பட்டம் பெற்று, பிற்காலத்தில் சென்னைச் சட்டமன்றத்தின் துணைத்தலைவராகவும் விளங்கினார். ஒரு மன்னர் இசைந்தமையால் ஒருவர்க்குக் கதவு திறந்தது. மன்னரில்லாத ஊர்ப் பெண்களுக்கு யார் திறப்பது? 1951-ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்தியப் பெண்களுள் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 9 பேருக்கும் குறைவு. 2011-ல் அது ஏறத்தாழ 65 ஆக உயர்ந்தது. இவ்வளர்ச்சிக்குக் காரணம் பேருரைகள் மட்டுமல்ல. ஊருக்கு அண்மையிற் பள்ளி, அப்பள்ளியில் ஆசிரியை, கதவுள்ள கழிப்பிடம் முதலிய எளிய ஏற்பாடுகளே பெண்களைப் பள்ளியில் நிறுத்தின. பீகார் அரசு 2006-ல் ஒன்பதாம் வகுப்பு மாணவியர்க்கு மிதிவண்டி வாங்க உதவியதும், தமிழ்நாட்டில் மேனிலை வகுப்பு மாணாக்கர்க்கு மிதிவண்டி வழங்கப்படுவதும், தொலைவென்னும் விலையைக் குறைக்கும் முயற்சிகளே. உயர்கல்வி பயிலும் அரசுப் பள்ளி மாணவியர்க்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் அளிக்கும் புதுமைப்பெண் திட்டம் 2022-ல் எழுந்தது. தங்கைக்குப் பேருந்துச் செலவு தரவோ, திருமணத்திற்குச் சேர்க்கவோ எனத் தயங்கும் இல்லத்தில் இத்தொகை எத்துணை வலிமையோடு பேசும் என்பதை, அத்தகைய இல்லங்களிலிருந்து வந்த நம் உடன்மாணவியர் அறிவர்.

இன்னுமொரு சமூக இடர்ப்பாடு உண்டு. அது பலர் கண்ணுக்குப் புலப்படாதது. ஓரளவு பொருள் படைத்தோர் யாவரும் தம் பிள்ளைகளைக் கட்டணப் பள்ளிக்கு அனுப்புகின்றனர். அவரைக் குறை கூறுதல் என் கருத்தன்று. ஆனால் அவர் பிள்ளைகளோடு அவர்தம் குரலும் பொதுப்பள்ளியை விட்டு நீங்கிவிடுகின்றது. கூரை ஒழுகினால் அதிகாரியிடம் முறையிடத் தெரிந்தவர், ஆசிரியர் வாராவிடின் காரணம் கேட்கத் துணிந்தவர் அங்கே இல்லை. எஞ்சியிருப்போர் கூலி வேலையை ஒருநாள் விட்டு வந்து கேட்க இயலாதவர். பள்ளி நலிய நலிய மேலும் சிலர் நீங்குகின்றனர். நீங்க நீங்கப் பள்ளி மேலும் நலிகின்றது. நாட்டு வருமானத்தில் நூற்றுக்கு 6 பங்கு கல்விக்குச் செலவிடவேண்டுமென 1966-ல் கோத்தாரி ஆணையம் கூறிற்று. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் அவ்வாறே கூறிற்று. ஐம்பது ஆண்டுகட்கு மேலாகியும் அதே அளவை மீண்டும் இலக்காக எழுதவேண்டி வந்ததே, பொதுக்கல்விக்காகப் பேசும் குரல் எவ்வளவு மெலிந்தது என்பதற்குச் சான்றாகும்.

பெருந்தொற்று நாட்களில் இவ்வுண்மைகள் யாவும் ஒருங்கே வெளிப்பட்டன. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகளுள், தமிழ்நாட்டில் 1 முதல் 8 வகுப்புகட்கு உரியவை 2021 நவம்பரிலேதான் திறக்கப்பட்டன. கைப்பேசியும் தனியறையும் உடைய பிள்ளை வீட்டிலிருந்தே கற்றது. இல்லாத பிள்ளை கற்றதையும் மறந்தது. இழப்பை ஈடுசெய்ய அவ்வாண்டு அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கப்பட்டது. மாலை வேளையில் தெருத்திண்ணையிலும் கோயில் முற்றத்திலும் பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்த அத்தொண்டர்களுள் மிகப் பலர் அவ்வூரிலே படித்த பெண்கள்.

இவற்றால் நாம் அறிவது யாது? உணவிட்டபொழுது பசியென்னும் தடை தளர்ந்தது. ஊதியத்திற்கு ஈடு வகுத்தபொழுது கூலியென்னும் தடை தளர்ந்தது. வண்டி தந்தபொழுது தொலைவு சுருங்கிற்று. இகழ்ச்சியென்னும் தடையை மட்டும் எந்த அரசாணையும் தனித்து நீக்கவல்லதன்று. அது வகுப்பறையில், விடுதிப் பந்தியில், விளையாட்டிடத்தில் நம்மால் நீங்கவேண்டியது. முதன்முதலாகத் தன் குடியிற் கல்லூரி கண்ட நண்பன் ஆங்கிலம் தடுமாறும்போது நாம் நகைத்தால், அவன் தந்தை செலுத்திய விலைமேல் நாமும் ஒரு வரி விதித்தவராவோம்.

மாணவ நண்பர்காள்! இம்மண்டபங்களில் நாம் அமர்ந்திருப்பதற்கு நம் அறிவொன்றே காரணமென்று எண்ணுதல் தகாது. நமக்கெனக் கூலியை இழந்தவரும், பசியைப் பொறுத்தவரும், வரி செலுத்தியவரும், நன்கொடை நல்கியவரும் பலர். அக்கடனை ஒரு சிறிதேனும் தீர்க்க வழியுண்டு. கல்லூரிக்கு அண்மையிலுள்ள சேரியிலோ சூளையிலோ வாரத்தில் இரண்டு மாலை பத்துப் பிள்ளைகட்கு எழுத்தும் எண்ணும் கற்பித்தல் நம் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதன்று. பட்டம் பெற்று ஊர் திரும்பியபின், அங்குள்ள பொதுப்பள்ளியின் பொருட்டுக் குரல் கொடுப்பதும் நம் கடமையே. கட்டணமில்லாக் கல்விக்கும் விலை உண்டு; அதனை மிக வறியவரே இதுகாறும் மிகுதியாகச் செலுத்தி வந்தனர். இனி நம் பங்கை நாம் செலுத்துவோமாக.