ஓய்வறியா மருத்துவர் ஜீவகர்: நேரத்தைப் பற்றிய ஒரு பாடம்

தொழிலில் தேர்ந்து, பலராலும் வேண்டப்படும் நிலையை அடைந்தோர் வாயில் அடிக்கடி பிறக்கும் சொல் "அவகாசமில்லை" என்பதாகும். மருத்துவரும் வழக்கறிஞரும், பொறியாளரும் ஆசிரியரும், அலுவலகத் தலைவரும் இதனையே கூறுகின்றனர், நாமும் கூறுகின்றோம். இக்காலத்திலோ கைப்பேசி சட்டைப்பையிலேயே குடியிருப்பதால், மாலையில் அலுவலகம் மூடப்பட்ட பின்னும் அலுவல் மூடப்படுவதில்லை. படிக்க எண்ணி வாங்கிய நூல் பிரிக்கப்படாமல் கிடக்கின்றது. முதிய பெற்றோரைக் காணச் செல்லும் நாள் திங்கள்தோறும் தள்ளிப் போகின்றது. "உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்றபின் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வோம்" என்று மனத்தைத் தேற்றிக்கொள்கின்றோம்.

இக்குறை நம் காலத்திற்கே உரியதன்று. பகவன் புத்தர் வாழ்ந்த நாளில், மகத நாட்டுத் தலைநகராகிய இராஜகிருகத்தில், இதே நெருக்கடியில் வாழ்ந்த தொழிலறிஞர் ஒருவர் இருந்தார். அவர் மருத்துவர் ஜீவக கோமாரபச்சர். அவர் துறவு பூண்டவரல்லர். தம் தொழிலை நடத்திக்கொண்டே அறவழி நின்ற உபாசகர். ஆதலின் தொழில் செய்து வாழும் நமக்கு அவர் வரலாறு பெரிதும் பயன்படுவதாகும்.

1. ஜீவகர் யார்?

விநய பிடகத்தைச் சேர்ந்த மகாவக்கம் அவர் வரலாற்றை விரிவாகக் கூறுகின்றது. சாலவதி என்னும் கணிகைக்குப் பிறந்து குப்பைமேட்டில் எறியப்பட்ட குழந்தையை, அரசகுமாரனாகிய அபயன் கண்டெடுத்து வளர்த்தான். வளர்ந்தபின் ஜீவகர் தக்கசீலம் சென்று 7 ஆண்டுகள் மருத்துவம் பயின்றார். ஊரைச் சுற்றி ஒரு யோசனைத் தொலைவில் மருந்தாகாத பொருள் ஏதேனும் இருப்பின் கொண்டு வருமாறு ஆசிரியர் பணித்தார். ஜீவகர் எங்கும் தேடி, வெறுங்கையுடன் திரும்பினார். அதுவே அவர் தேர்ச்சிக்குச் சான்றாயிற்று.

திரும்பும் வழியில் சாகேத நகரில், 7 ஆண்டுகளாகத் தலைநோயால் வருந்திய வணிகர் மனைவி ஒருத்தியைக் குணப்படுத்தி 16,000 கஹாபணம் பெற்றார். பின்னர் மன்னன் பிம்பிசாரனின் பவுத்திர நோயைத் தீர்த்தார். அதுமுதல், தனக்கும் அந்தப்புரத்திற்கும் புத்தரைத் தலைமையாகக் கொண்ட சங்கத்திற்கும் மருத்துவம் செய்யுமாறு மன்னன் அவரை நியமித்தான். இவ்வாறு புகழும் பொருளும் சேர்ந்தன; அவற்றுடன் ஓய்வின்மையும் சேர்ந்தது.

2. கடமைகளை எண்ணியறிதல்

ஒரு சமயம் மகத நாட்டில் குட்டம், கட்டி, வெண்குட்டம், க்ஷயம், காக்கை வலிப்பு என்னும் ஐந்து நோய்கள் பரவின. நோயாளர் ஜீவகரை நாடினர். தம் உடைமை முழுவதையும் தருவதாகவும், அவருக்கு அடிமைகளாகவே இருப்பதாகவும் கூறி வேண்டினர். ஜீவகர் இசையவில்லை. தமக்குப் பணிகள் பல உளவென்றும், மன்னன், அந்தப்புரம், சங்கம் ஆகிய மூவிடத்தையும் தாம் கவனிக்க வேண்டியிருத்தலின் இயலாதென்றும் விடை கூறினார்.

இவ்விடம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. நம்மில் பெரும்பாலோர் "பல வேலை" என்கின்றோமேயன்றி, அவ்வேலைகள் எவை, எத்தனை என்று கேட்டால் விடை கூறத் தடுமாறுகின்றோம். எண்ணப்படாத கடமை மூட்டமான பனிபோல் மனத்தை மூடிக்கொள்ளும். ஜீவகரோ தம் கடமைகளைப் பெயர் சொல்லி எண்ணினார். ஆதலின் பெரும்பொருள் எதிரே நின்றபோதும் அவர் தடுமாறவில்லை.

எனினும், மறுப்பு எளிதானதென்று எவரும் எண்ணலாகாது. அவர் வாயிலில் நின்றோர் பொய்யாக நோயுற்றவரல்லர், மெய்யாகவே துன்புற்றவர். ஒரு பணியை ஏற்கும்போது வேறு யாரோ ஒருவர் கைவிடப்படுகின்றார் என்பது தொழிலறிஞர் ஒவ்வொருவரும் தாங்கவேண்டிய சுமை. இருபது பேரைப் பார்க்கவேண்டிய நேரத்தில் அறுபது பேரைப் பார்க்கும் மருத்துவர் எவரையும் மறுக்காதவர்போலத் தோன்றுவார். உண்மையில் அறுபது பேருக்கும் உரிய கவனத்தை அவர் மறுக்கின்றார். வெளிப்படையாகச் சொல்லப்படும் மறுப்பு, மறைவாக நிகழும் புறக்கணிப்பினும் நேர்மையுடையது.

3. வேலை பிறக்கும் இடத்தைக் காணுதல்

அம்மறுப்போடு கதை முடியவில்லை. சங்கத்தாருக்கு ஜீவகர் மருத்துவம் செய்வதை அறிந்த அந்நோயாளர், சிகிச்சை பெறும் பொருட்டே பிக்குகளாயினர். நோயுற்ற பிக்குகளின் தொகை பெருகிற்று. அவர்களைக் கவனித்த ஜீவகர், அரசர்க்குச் செய்யவேண்டிய பணியில் குறையும் நேரிட்டது என்று மகாவக்கம் கூறுகின்றது. நோய் நீங்கியவுடன் சிலர் துறவாடையையும் நீக்கிவிட்டனர். அவ்வாறு நீங்கிய ஒருவனைக் கண்டு உண்மையை அறிந்த ஜீவகர், நேரே பகவரிடம் சென்று, இவ்வைந்து நோயுடையாரைச் சங்கத்தில் சேர்த்தல் ஆகாதென விதிக்குமாறு வேண்டினார். அவ்வாறே விதிக்கப்பட்டது.

அவர் இன்னும் அதிகாலையில் எழுந்து, இன்னும் பின்னிரவில் உறங்கி, பெருகிய வேலையைச் சமாளிக்க முயன்றிருக்கலாம். நாம் செய்வது அதுவே. ஆனால் அவரோ, இவ்வேலை எங்கிருந்து பெருகுகின்றது என்று தேடி, தோன்றும் இடத்திலேயே அதனைத் தடுக்கும் வழியைக் கண்டார்.

சுல்லவக்கத்தில் மற்றொரு நிகழ்ச்சி உண்டு. ஜீவகர் ஏதோ ஒரு பணியாக வைசாலிக்குச் சென்றார். அங்கே சுவைமிக்க உணவு தொடர்ந்து கிடைத்தமையால் பிக்குகள் உடல் பருத்து நோயுற்றிருந்ததைக் கண்டார். ஒவ்வொருவருக்கும் மருந்து கொடுத்துக்கொண்டிராமல், உலாவும் நடைபாதையையும் வெந்நீராவி அறையையும் அனுமதிக்குமாறு பகவரை வேண்டினார். பகவரும் இசைந்தார். நோயாளர் தொகை குறையும் வழியை மருத்துவரே தேடியது கருதத்தக்கது. தன்னையன்றி எதுவும் நடவாது என்னும் நிலையில் பெருமை கொள்வோருக்கு இவ்வெண்ணம் தோன்றுதல் அரிது.

4. தோப்பினுள் ஒரு விகாரை

இனி, மிகச் சிறந்த செயலுக்கு வருவோம். பகவரை நாளொன்றுக்கு இரண்டு மூன்று முறையேனும் கண்டு பணிசெய்ய வேண்டுமென்னும் விருப்பம் ஜீவகருக்கு உண்டாயிற்று. வேணுவனமோ தொலைவில் இருந்தது. தம் மாந்தோப்பு அண்மையில் இருந்தது. ஆகவே அத்தோப்பில் இரவும் பகலும் தங்குதற்குரிய இடங்களையும் குடில்களையும் மண்டபத்தையும் அமைத்து, மதில் எழுப்பிச் சங்கத்திற்கு வழங்கினார் என்று தீக நிகாயத்தின் உரை கூறுகின்றது. இன்றைய பீகார் மாநிலத்து ராஜ்கிரில், ஜீவகரின் மாந்தோப்பென அடையாளம் காணப்பட்ட இடத்தில், நீள்வட்ட வடிவான மண்டபங்களின் அடித்தளங்கள் 1950-களின் அகழாய்வில் வெளிப்பட்டன.

"அலுவல் குறையட்டும், வேணுவனம் செல்வேன்" என்று அவர் காத்திருக்கவில்லை. ஏனெனில் அலுவல் குறையும் நாள் வாராது. நாளின் அளவை நீட்ட எவராலும் இயலாது. ஆனால் தலையாயதற்கும் நமக்கும் இடையேயுள்ள தூரத்தைக் குறைக்க இயலும். தம் உடைமைகளுள் ஒன்றை இழந்தே அவர் அதனைச் செய்தார் என்பதையும் மறத்தலாகாது. எதனையும் இழக்காமல் முதன்மையானதற்கு இடமளிக்க விரும்புகின்றவர் விருப்பத்தோடு நின்றுவிடுவர்.

அத்தோப்பின் பயன் அவரோடு நிற்கவில்லை. தந்தையைக் கொன்று அரசேறிய அஜாதசத்ரு, கார்த்திகைப் பௌர்ணமி இரவில் எந்தப் பெரியோரைக் காணலாம் என்று அவையோரைக் கேட்டான். ஒவ்வொருவரும் ஒவ்வோர் ஆசிரியரைப் புகழ்ந்தனர். ஜீவகர் வாளா இருந்தார். மன்னன் வினவியபோதே, பகவர் தம் தோப்பில் எழுந்தருளியிருப்பதைத் தெரிவித்தார். துறவின் பயனை விளக்கும் சாமஞ்ஞபல சூத்திரம் அவ்விரவில் அவ்விடத்திற்றான் அருளப்பட்டது.

5. அடைக்கப்பட்ட வாயில்

இத்துணைத் திட்டமுடையாரையும் காலம் ஒருமுறை மடக்கிற்று. தேவதத்தன் உருட்டிய பாறையின் சில்லால் பகவரின் பாதம் புண்பட்டபோது, ஜீவகர் கடுமையான மருந்திட்டுக் கட்டினார். நகரினுள் ஒரு நோயாளரைப் பார்த்துவிட்டு வருவதாகவும், அதுவரை கட்டு அவ்வாறே இருக்கட்டும் என்றும் கூறிச் சென்றார். திரும்புவதற்குள் நகரவாயில் அடைக்கப்பட்டுவிட்டது. கட்டை அவிழ்க்கும் நேரம் வந்தது. அவிழ்க்காவிடில் இரவெல்லாம் எரிச்சல் உண்டாகும். வாயிலின் உட்புறத்தே அவர் வருந்திக்கொண்டிருந்தார். அவர் கருத்தை உணர்ந்த பகவர், ஆனந்தரைக் கொண்டு கட்டை அவிழ்ப்பித்தார் என்று தம்மபத உரை உரைக்கின்றது.

கட்டை அவிழ்க்கும் நேரம் ஜீவகர் ஒருவர்க்கே தெரிந்திருந்தது. அதனை ஆனந்தருக்கு ஒரு வார்த்தை சொல்லிச் சென்றிருந்தால், வாயில் அடைபட்டதால் ஏதும் கெட்டிராது. நம் அலுவலகங்களிலும் இல்லங்களிலும் எத்தனை கட்டுகள் நாம் ஒருவரே திரும்பிவந்து அவிழ்க்கவேண்டியவையாகக் கிடக்கின்றன! பிறர் கருத்தறியும் ஆற்றல் ததாகதருக்கு இருந்தது. நம்மைச் சூழ்ந்தோருக்கு நாமே சொல்லவேண்டும்.

6. பயிற்சி

முதன்மையானது எது என்பதை அளக்கும் கோல் யாது? அங்குத்தர நிகாயத்தில் ஜீவகரே உபாசகர் யார் என்று வினவுகின்றார். தன் நலத்தோடு அமையாது, தான் பெற்ற நம்பிக்கை, ஒழுக்கம், ஈகை, கேள்வி முதலியவற்றைப் பிறரும் பெறத் துணைநிற்போனே இருதிறத்தார்க்கும் பயன்படுவோன் என்பது பகவர் விடையின் கருத்து. ஒரு பணியால் நமக்கும் பிறர்க்கும் நன்மை உண்டாயின் அது முதலிடம் பெறும். எவருக்கும் நன்மையின்றி வழக்கத்தாலோ புகழாசையாலோ தொடர்வது கடையிடம் பெறும்.

இக்கோலைக் கொண்டு, வாசகர்கள் வரும் வாரத்தில் கீழ்க்காணும் நான்கினையும் செய்து பார்ப்பார்களாக.

முதலாவது: நம் கடமைகளை ஒரு தாளில் பெயரிட்டு எழுதுதல், அவற்றுள் சேராத வேண்டுகோளுக்குத் தாமதியாமல், இன்சொல்லால் மறுப்புக் கூறுதல்.

இரண்டாவது: மீண்டும் மீண்டும் வரும் வேலை ஒன்றைத் தெரிந்து, அது எங்கே பிறக்கின்றது என ஆராய்தல்.

மூன்றாவது: நெடுநாளாகத் தள்ளிவைத்த நற்செயல் ஒன்றை அண்மைக்குக் கொணர்தல். நூலாயின் படுக்கையருகே வைக்கலாம். பெற்றோராயின் அலுவலகத்தினின்று திரும்பும் வழியிலேயே அவர்களைக் காணலாம். தொலைவூரில் இருப்பின் நாள்தோறும் ஒரு வேளை குறித்து உரையாடலாம்.

நான்காவது: நாம் ஒருவரே அறிந்துள்ள செய்தி ஒன்றை, நாம் வர இயலாதபோது செயலாற்றக்கூடிய ஒருவருக்குச் சொல்லிவைத்தல்.

மூன்றாவதை முதலில் தொடங்குவது நலம். ஏனையவை அலுவலைச் செம்மை செய்யும். அதுவோ அலுவல் எதற்காக என்பதை நாள்தோறும் நினைவூட்டும்.