எழுந்து நடந்தாலும் கவனியுங்கள்: தலையில் அடிபட்டவரைப் பார்த்துக்கொள்வது எப்படி?

2006இல் ஈச்சிலம்பற்றை விட்டு இடம்பெயர்ந்து, வாகரை, மட்டக்களப்பு என்று அலைந்த குடும்பங்கள் 2007 முதல் ஊர் திரும்பத் தொடங்கின. ஊர் திரும்பும் எந்தக் குடும்பத்துக்கும் முதல் வேலை ஒன்றுதான்: வளவைத் துப்புரவாக்கி, வீட்டைக் கட்டி, கூரையைப் போடுவது. கூரையிலிருந்து விழுவது, தென்னையிலிருந்து விழுவது, மோட்டார் சைக்கிளில் சறுக்குவது, லாண்ட்மாஸ்டர் பெட்டியிலிருந்து தூக்கி வீசப்படுவது எல்லாம் இந்த நாட்களில் நடக்கக்கூடியவை. கை கால் முறிந்தால் உடனே தெரியும். மூளையில் ஏற்படும் காயம் அப்படித் தெரிவதில்லை. அதனால்தான் இந்தப் பாடம்.

ஏன் உடனே தெரிவதில்லை?

மூளை மிக மென்மையானது. அதைச் சுற்றி மண்டையோடு இறுக்கமான பெட்டி போல் இருக்கிறது. தலை பலமாக அடிபடும்போது மூளை அந்தப் பெட்டிக்குள் குலுங்குகிறது. சில வேளை உள்ளே ஓர் இரத்தக் குழாய் கிழிகிறது. இரத்தம் வெளியே வர வழியில்லை. உள்ளேயே தேங்கி மூளையை அழுத்தத் தொடங்கும். இது சில நிமிடங்களிலும் நடக்கலாம், பல மணித்தியாலங்கள் கழித்தும் நடக்கலாம். காதுக்கு மேலே, கன்னப்பொறியில் எலும்பு மெல்லியது. அதற்கு உட்புறமாக ஒரு நாடி ஓடுவதால் அந்த இடத்தில் படும் அடி மிக ஆபத்தானது.

இடைப்பட்ட நேரத்தில் அடிபட்டவர் எழுந்து நடப்பார், "எனக்கு ஒன்றுமில்லை" என்பார், தேநீரும் குடிப்பார். பிரித்தானிய நடிகை நடாஷா ரிச்சர்ட்சனுக்கு 2009 மார்ச்சில் நடந்தது இதுதான். கனடாவில் பனிச்சறுக்குப் பயிற்சியில் விழுந்தவர், நலமாக இருப்பதாகச் சொல்லி வைத்திய உதவியை மறுத்தார். ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தின் பின் தலைவலி தொடங்கியது. இரண்டு நாட்களில் இறந்துபோனார். மண்டையோட்டுக்குள் ஏற்பட்ட இரத்தக் கசிவே காரணம். ஆகவே, எழுந்து நடப்பதை வைத்து ஆபத்து இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். மயக்கம் வராமலும் மூளையில் காயம் ஏற்படலாம்.

உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டிய அறிகுறிகள்

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்:

- சிறிது நேரமாவது நினைவிழந்தார், அல்லது விபத்து நடந்ததே ஞாபகமில்லை
- தலைவலி நேரம் செல்லச் செல்லக் கூடுகிறது
- திரும்பத் திரும்பச் சத்தி எடுக்கிறார்
- தூங்கி வழிகிறார், எழுப்பினாலும் சரியாக விழிக்கவில்லை
- வலிப்பு வருகிறது
- பேச்சுக் குழறுகிறது, ஆட்களையோ இடத்தையோ மாறிச் சொல்கிறார்
- ஒரு பக்கக் கை கால் சோர்ந்து போகிறது
- ஒரு கண்ணின் நடுக் கறுப்பு மற்றதைவிடப் பெரிதாக இருக்கிறது
- காதிலிருந்தோ மூக்கிலிருந்தோ இரத்தம் அல்லது தெளிந்த நீர் வடிகிறது
- இரு கண்களைச் சுற்றியோ காதுக்குப் பின்னாலோ கன்றிக் கறுக்கிறது

கைக்குழந்தைகள் சொல்லமாட்டார்கள். விடாமல் அழுவது, பால் குடிக்க மறுப்பது, உச்சிக்குழி புடைப்பது ஆகியவற்றைப் பாருங்கள். வயதானவர்களிடமும் இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களிடமும் கசிவு மெதுவாக நடந்து, பல வாரங்களுக்குப் பிறகும் வெளிப்படலாம். இவர்களுக்குத் தலையில் அடிபட்டால், சிறிய அடி என்றாலும் வைத்தியரிடம் காட்டுங்கள்.

மது வாடை வீசினால், "வெறியில் கிடக்கிறார், தூங்கி எழும்பட்டும்" என்று விட்டுவிடாதீர்கள். வெறியும் மூளைக் காயமும் பார்வைக்கு ஒன்று போலிருக்கும்.

அந்த இடத்தில் என்ன செய்வது?

விழுந்தவரைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். கழுத்து எலும்பும் முறிந்திருக்கலாம். தலையும் கழுத்தும் அசையாமல் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். மூச்சு விடச் சிரமப்பட்டாலொழிய ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம். சத்தி எடுத்தால், தலை, கழுத்து, உடல் மூன்றையும் ஒன்றாக ஒரு பக்கம் திருப்புங்கள். இரத்தம் வடியும் காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்துங்கள்; எலும்பு உள்ளே இறங்கியிருந்தால் அந்த இடத்தை அழுத்தாதீர்கள். காதில் பஞ்சு அடைக்காதீர்கள். தண்ணீர், சாராயம் எதுவும் கொடுக்காதீர்கள். எண்ணெய் தேய்த்து உருவ வேண்டாம். வலிக்கு அஸ்பிரின் கொடுத்தால் இரத்தக் கசிவு கூடலாம்.

1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த அம்பியூலன்ஸ் சேவை இலவசம். ஈச்சிலம்பற்று வைத்தியசாலையில் முதற் சிகிச்சை கொடுத்து, சி.ரி. ஸ்கான் அல்லது சத்திரசிகிச்சை தேவைப்பட்டால் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை.

வைத்தியரிடம் நடந்ததை உள்ளபடி சொல்லுங்கள். லைசன்ஸ் இல்லை, பொலிஸ் விசாரிக்கும் என்ற பயத்தில் "கல் தடக்கி விழுந்தார்" என்று சொன்னால், வைத்தியர் அதைச் சிறிய அடியாகவே எடுத்துக்கொள்வார். எவ்வளவு உயரம், எவ்வளவு வேகம், எத்தனை மணிக்கு, இடையில் நினைவு தப்பியதா என்பவை உயிரைக் காக்கும் தகவல்கள்.

வீட்டுக்கு அனுப்பினால்

வைத்தியர் பார்த்து வீட்டுக்கு அனுப்பினாலும் முதல் 24 மணித்தியாலங்களாவது பொறுப்பான ஒருவர் கூடவே இருக்க வேண்டும். தூங்கவே விடக்கூடாது என்று சிலர் சொல்வார்கள், அது தேவையில்லை. முதல் இரவில் எத்தனை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை எழுப்பிப் பார்க்க வேண்டும் என்று வைத்தியரிடம் கேளுங்கள். எழுப்பும்போது மூன்றைப் பாருங்கள்: கண்ணைத் திறக்கிறாரா? கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்கிறாரா? சொன்னபடி கையைக் காலை அசைக்கிறாரா? வைத்தியர்களும் இந்த மூன்றையும்தான் பார்க்கிறார்கள். 1974இல் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இரு வைத்தியர்கள் உருவாக்கிய அந்த அளவுகோலில் முழுப் புள்ளி 15, ஆகக் குறைந்தது 3. முதலில் நன்றாகப் பதில் சொன்னவர் பிறகு மந்தமானால் உடனே திரும்பக் கொண்டுபோங்கள்.

பிறகு வரும் மாற்றங்கள்

பெரும்பாலானோர் சில வாரங்களில் தேறிவிடுவார்கள். சிலருக்குத் தலைவலி, தலைச்சுற்று, மறதி, தூக்கக் குறைவு, சட்டென வரும் கோபம் நீடிக்கும். நெருப்பில் பானையை வைத்துவிட்டு மறப்பார்கள். பிள்ளைகளின் சத்தம் தாங்கமாட்டார்கள். பாடசாலைப் பிள்ளை வாசித்ததை உடனே மறந்துவிடும். இதைச் சோம்பல் என்றோ திமிர் என்றோ பேய் பிடித்தது என்றோ சொல்லி அடிக்கவோ ஒதுக்கவோ வேண்டாம். இது காயத்தின் விளைவாக இருக்கலாம்.

யுத்த காலத்தில் ஷெல் வெடித்த அதிர்விலோ துண்டு பட்டோ காயப்பட்டு, அதன் பிறகு குணம் மாறிப்போனவர்கள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். வருடங்கள் கடந்தாலும் அவர்களை வைத்தியரிடம் காட்டலாம். அன்று தலையில் அடிபட்டதைச் சொல்ல மறக்காதீர்கள். வேலை செய்ய முடியாதவர்களுக்குரிய உதவிகள் பற்றி வெருகல் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

தேறும் வரை மது வேண்டாம். மோட்டார் சைக்கிள் ஓட்டவோ மரம் ஏறவோ வேண்டாம். மூளை ஆறுமுன் இரண்டாவது அடி பட்டால் முதலாவதைவிடப் பெரிய ஆபத்து.

குழுவாகக் கலந்துரையாடுங்கள்

1. உங்கள் வீதியிலிருந்து இரவில் ஒரு நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுபோக யாரிடம் வாகனம் உண்டு?
2. மோட்டார் சைக்கிளில் பின்னால் இருப்பவரும் ஹெல்மெட் போடுகிறாரா? கொக்கி மாட்டப்படுகிறதா?
3. தலையில் அடிபட்ட பிறகு "முன்பு போல இல்லை" என்று நீங்கள் சொல்லும் ஒருவர் உங்கள் அயலில் இருக்கிறாரா? அவரை யார் கிளினிக்குக்கு அழைத்துச் செல்வது?