மெஷினுக்கு முன்னால் ஆள்

கோவை கணபதியில் அப்பா தொடங்கிய லேத் பட்டறை எங்களுடையது. இன்று சிஎன்சி மெஷின்களில் கார்களுக்கான புஷ், பின் கடைந்து கொடுக்கிறோம். ஆர்டர் கூடி இரண்டாவது ஷிப்ட் போட்டபோது கற்றதைச் சொல்கிறேன்.

மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே ஆளைப் பாருங்கள். மெஷின் வந்து இறங்கியதும் தவணை ஓடத் தொடங்கிவிடும். ஆள் பழக மாதக்கணக்காகும். ஆபரேட்டர் கிடைப்பார், நல்ல செட்டர்தான் அரிது. எங்களிடமே இருந்த, கை சுத்தமான ஆபரேட்டரை செட்டராக்கினோம். வெளியாளை அதிகச் சம்பளத்துக்கு அவர் தலைக்கு மேல் உட்கார வைத்திருந்தால் பழைய ஆட்கள் மனம் விட்டிருப்பார்கள்.

ஐடிஐ முடித்த பையன்களுக்கு டிராயிங் படிக்கத் தெரியும். அளவெடுப்பதில்தான் நிதானம் வேண்டும். மெஷினிலிருந்து எடுத்த சூட்டோடு மைக்ரோமீட்டர் வைப்பார்கள். 40 மி.மீ. எஃகு புஷ் 20 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் வெளிவிட்டம் ஏறக்குறைய 9 மைக்ரான் பெரிதாகக் காட்டும். உடனே ஆஃப்செட்டைக் குறைப்பான் பையன். ஆறியபின் பார்த்தால் அண்டர்சைஸ். பெரிதாக இருந்தால் மறுபடி கடையலாம். சிறிதானது பழைய இரும்புக்குத்தான் போகும். அதனால் புதியவர்கள் ஆஃப்செட்டைத் தொடக் கூடாது, கை பழகும்வரை இரவு ஷிப்டும் கிடையாது என்று வைத்தோம். "ஜாப் ஆறட்டும் தம்பி, அப்புறம் அளங்க" என்று செட்டர் சொல்லிக்கொண்டே இருப்பார்.

குடும்பத் தொழிலில் இன்னொரு சிக்கல். அப்பா ஒரு ஜாப்பை ஏற்றச் சொல்வார், சித்தப்பா வேறொன்றைச் சொல்வார். ஆபரேட்டர் யார் சொல்லைக் கேட்பார்? பிளானிங் ஒருவர் கையில் மட்டும் என்று வீட்டிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

பீகார், ஒடிசாவிலிருந்து வருபவர்கள் பலர், பிடித்தம் வேண்டாம், முழுதாகக் கையில் கொடுங்கள் என்பார்கள். இணங்காதீர்கள். இஎஸ்ஐக்கு அவர்கள் பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம், நம் பங்கு 3.25. அதைச் சொல்லிப் புரியவைப்பது நம் கடமை. கையில் அடிபட்டால் சிங்காநல்லூர் இஎஸ்ஐ மருத்துவமனைக்கு அவர் தயங்காமல் போக முடிய வேண்டும்.

கடைசியாகப் பணம். உற்பத்தி இரட்டிப்பானால் கம்பிக்கும் சம்பளத்துக்கும் முன்கூட்டியே இரட்டிப்பாகப் போட வேண்டும். பில் பணம் பிறகுதான் வரும். உத்யம் பதிவு எண்ணை இன்வாய்ஸில் போடுங்கள். சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது சட்டம். எண்ணைக் காட்டித் தயங்காமல் கேளுங்கள்.